மகள் வௌவால் ஆராய்ச்சிக்குப் போகட்டுமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் சகோதரி. பிளஸ் டூ படிக்கும் மகள், வௌவால்களிடம் வைரஸ் தேடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா, அதாவது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ், பரவிய சமயத்தில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தது உங்கள் மனதை விட்டுப் போகவில்லை என்று புரிகிறது. பயம் நியாயம்தான். ஆனால் அப்போது பலருக்கும் நோய் தொற்றியது மருத்துவமனையில், வந்திருப்பது நிபா என்றே தெரியாத நாட்களில். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

வேலை எப்படி இருக்கும்? இரை தேடிப் போன பழந்தின்னி வௌவால்கள் விடியலில் மரத்துக்குத் திரும்பும். அதற்குள் அடியில் பாலிதீன் விரித்துவிடுவார்கள். அதில் சொட்டும் சிறுநீரை எடுத்துக் குப்பியில் அடைத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வலையில் பிடித்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பார்கள். அப்புறம் ஆர்டி-பிசிஆர்; கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் செய்த அதே சோதனைதான். கோழிக்கோட்டில் முதலில் ஒரு வீட்டுக் கிணற்றில் பிடித்தவை பூச்சி தின்னும் வௌவால்கள், வைரஸ் இல்லை. பிறகு பழந்தின்னிகளைப் பிடித்துப் பார்த்தபோது 52-இல் 10-க்கு இருந்தது. எந்த இனம் என்று பார்த்ததும் சொல்லத் தெரிந்தவர் அந்தக் குழுவில் எவ்வளவு முக்கியம், பாருங்கள்!

கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி, வனத்துறை அனுமதி, இவ்வளவும் இருந்தால்தான் வௌவாலைத் தொடவே விடுவார்கள். உயிருள்ள நிபா வைரஸை வளர்த்து ஆராய்வதெல்லாம் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருப்பது போன்ற உச்சப் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான்.

படிப்புக்கு என் முதல் சிபாரிசு கால்நடை மருத்துவம், ஐந்தரை ஆண்டு. விலங்கைக் கையாளும் பயிற்சி அதில் கிடைப்பதுபோல் வேறெதிலும் கிடைக்காது. இடம் கிடைக்காவிட்டால் விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்துவிட்டு, புனேயில் எம்.எஸ்சி. வைராலஜிக்கு முயலலாம். ஒன்றை மறைக்க மாட்டேன்: பிஎச்.டி. வரை போக வேண்டும், தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். பத்து வருடப் பொறுமை உங்களுக்கும் வேண்டும்.

சரி, இப்போதைக்கு அவளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். ஆர்வத்தில், ஆலமரத்தடியில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது.