லாரி வாடகை ரிப்போர்ட்டில் ஆறு மடங்கு ஆனது ஏன்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பில்லிங் டேட்டா எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. மாதாமாதம் எக்செல்லில் இறக்கி ஒட்டி முதலாளிக்கு ரிப்போர்ட் தருவேன். இந்த முறை பவர் பிஐ என்ற ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் நானே டேபிள்களை இணைத்தேன். லாரி வாடகை எக்கச்சக்கமாகக் கூடிவிட்டது. வேலூர் ஏஜென்ட் ஒருவர், "கனெக்‌ஷன் லைசென்ஸ்" வாங்கினால் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், எஸ்க்யூஎல் சர்வரோடு இணைக்கும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ரிப்போர்ட்டை ஆன்லைனில் ஏற்றிப் பலருக்குப் பகிர்வதாக இருந்தால்தான் ஆளுக்கொரு ப்ரோ லைசென்ஸ் வேண்டும். அதையும் மைக்ரோசாஃப்டிடமே வாங்கிக்கொள்ளலாம்.

வாடகைக்கு வருவோம். உங்கள் சாஃப்ட்வேரில் பில்லுக்கு ஒரு ஹெடர் டேபிள், சரக்கு வரிகளுக்கு ஒரு டீடெயில் டேபிள் இருக்கும். ஒரு பில்லில் 39 முதல் 44 வரை ஆறு சைஸ் போனால் டீடெயிலில் ஆறு வரி, ஹெடரில் ஒரே வரி. வாடகை 2,400 ரூபாய் ஹெடரில் ஒருமுறைதான் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் மெர்ஜ் செய்து ஒரே டேபிளாக்கியிருப்பீர்கள். ஆறு வரியிலும் 2,400 வந்து உட்கார்ந்துவிடும், கூட்டினால் 14,400. எந்த லைசென்ஸும் இதைச் சரிசெய்யாது.

மெர்ஜை நீக்குங்கள். இரண்டு டேபிளையும் தனித்தனியாக வைத்து, மாடல் பக்கத்தில் கோடு இழுத்து இணையுங்கள். வாடகையை ஹெடரிலிருந்தும் ஜோடிக் கணக்கை டீடெயிலிலிருந்தும் எடுங்கள். பில் நம்பரால் மட்டும் இணைக்காதீர்கள். ஏப்ரலில் நம்பர் மறுபடி 1 என்று தொடங்கினால் இரண்டு வருட பில்கள் கலந்துவிடும். சாஃப்ட்வேர் உள்ளுக்குள் வைத்திருக்கும் ஐடியைப் பிடியுங்கள். கேன்சல் ஆன பில்லும் டேபிளிலேயே கிடக்கும், அதை வடிகட்டுங்கள். அப்புறம் ஒரு மாதக் கூட்டலைத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை ரிட்டர்னுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அந்த ஏஜென்ட். அடுத்து அவர் சர்வரின் தலைமை லாகினான "எஸ்ஏ"வின் பாஸ்வேர்டு கேட்பார். அதைக் கொடுத்தால் சர்வரில் எதையும் அழிக்க முடியும். ரிப்போர்ட்டுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு லாகின் போதும். சாஃப்ட்வேர்காரர் அதைப் பத்து நிமிடத்தில் உருவாக்கலாம், ஆனால் இழுத்தடிப்பார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் இந்த ஒரு லாகினுக்காக நான் மூன்று வாரம் அலைந்தேன். பில் உங்களுடையது, சரக்கு உங்களுடையது, அதைப் படித்துப் பார்க்க இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது! அடுத்த ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்.

ப்ரோ காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் "பப்ளிஷ் டு வெப்" அழுத்தி லிங்க் கொடுத்துவிடுகிறார்கள். அந்த லிங்க்குக்கு லாகினே கிடையாது. கையில் கிடைத்த யாரும் திறக்கலாம். நீங்கள் பையருக்குப் போட்ட ரேட்டை வாணியம்பாடியில் போட்டியாளர் உட்கார்ந்து பார்ப்பார். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

பார்ட்டி பாக்கி டேலியில் இருந்தால் மட்டும் கதை வேறு. டேலி எஸ்க்யூஎல் சர்வர் அல்ல, சர்வர் பெயர் கொடுத்தால் டேபிள் வராது. அதன் ஓடிபிசி என்ற இணைப்பு வழியாகத்தான் எடுக்க வேண்டும், வழக்கமாக 9000 போர்ட். அந்த நேரத்தில் டேலி திறந்திருக்க வேண்டும், உங்கள் கம்பெனியும் அதில் லோடு ஆகியிருக்க வேண்டும். டேலி பார்ப்பவர் சாப்பாட்டுக்குப் போகும்போது மூடிவிட்டுப் போனால் ரீஃப்ரெஷ் தோற்கும், ரிப்போர்ட்டில் பழைய பாக்கியே நிற்கும். முதலாளி அதைப் பார்த்து ஏற்கெனவே பணம் கட்டிய பார்ட்டிக்குப் போன் போடுவார். ஆகவே டேலி பகுதியை மட்டும், அவர் சீட்டில் இருக்கும்போது நீங்களே கையால் ரீஃப்ரெஷ் செய்யுங்கள்.