பட்டுப்புழுவுக்கு வந்த சுண்ணாம்புக்கட்டி பூஞ்சை மனுசன் நெஞ்சுக்குள்ள வளருமாங்க?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஊட்டுல பட்டுப்புழு வளக்கறாங்க. போன ஐப்பசி கார்த்திகை மழைல சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து பாதிப் புழு வெள்ளையா வெறைச்சுப் போச்சு. அதே சமயத்துல அவங்கய்யனுக்கு மூச்சு வாங்கறது அதிகமாயிருச்சு. அய்யனுக்கு வயசு 49, பீடி சிகரெட் தொட்டதில்ல, தோட்டத்துக்குத் திரும்பறதுக்கு முன்னாடி நெறைய வருசம் திருப்பூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல பஞ்சு பேலப் பிரிச்சு சுத்தம் பண்ற ப்ளோ ரூம்ல வேல பாத்தவரு. கோயமுத்தூர்ல ஸ்கேன் எடுத்துப் பாத்து எம்ஃபைசிமான்னு சொல்லி, ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க. தம்பி கேக்கறது மூணு. அந்தப் பூஞ்சை அய்யன் நெஞ்சுக்குள்ள பூந்திருக்குமாங்க? புழுவுக்கு எதிர்ப்பு சக்தியே கெடையாதுன்னு சொல்றாங்களே, நெசமாங்க? அந்த டெஸ்ட் எதுக்குங்க, எடுத்தே ஆகணுமா?

நான் மருந்து எழுதற டாக்டர் இல்லீங்க, நோய் எதிர்ப்புல வேல செய்யற புரதங்கள ஆராய்ச்சி பண்றவன், அதனால வைத்தியம் உங்க டாக்டர் சொல்றபடிதான். ஆனா இந்த மூணு கேள்வியும் ஒரே எடத்துல போய் முட்டுது, அதச் சொல்லாம விட எனக்கு மனசு வரல.

முதல் கேள்வி. அந்தப் பூஞ்சை பேரு பியூவேரியா பாசியானா. 1835ல இத்தாலில அகோஸ்தினோ பாஸிங்கறவரு பட்டுப்புழுவோட இந்த நோய வெச்சுத்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரு ஒரு பிராணிக்கு நோயக் குடுக்க முடியும்னு முதல்முதலா நிரூபிச்சாரு, லூயி பாஸ்டருக்கெல்லாம் நெம்ப முன்னாடி. பூஞ்சையோட பேருல இருக்கற பாசியானா அவரு நினைவாத்தான். இதுக்குப் புடிச்ச சூடு 25 டிகிரி பக்கம், கூடவே நல்ல ஈரப்பதம், அதாவது நம்மூரு மழைக்கால புழு மனை. மனுச ஒடம்பு 37 டிகிரி, அந்தச் சூட்டுல அதால சரியா வளர முடியாது. எதிர்ப்பு சக்தி ரொம்பவே விழுந்து போனவங்களுக்கு அபூர்வமா வந்திருக்கே தவிர, தோட்டத்துல நடமாடற ஆளு நெஞ்சுக்குள்ள மொளைக்கற பூஞ்சை இல்ல இது. இன்னொண்ணு, எம்ஃபைசிமாங்கறது நுரையீரல்ல காத்துப் பைகளோட சுவரே கரைஞ்சு போறது, ஒரு மழைக்காலத்துல வர்ற சமாச்சாரம் கெடையாது, வருசக்கணக்குல நடந்தது. அதனால பூஞ்சை பூந்துருச்சோன்னு ஊட்டுல யாரும் பயப்பட வேண்டாம். ஆனா செத்த புழு மேல இருக்கற வெள்ளப் பொடி பூராவும் வித்துகள், அது தூசியா உள்ள போனா இருமலும் அலர்ஜியும் வரும், ஏற்கனவே கெட்டுப்போன நுரையீரலுக்கு அதுவே அதிகம். அந்த வேலைக்கு என்ன பண்ணணும்னு பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது, புழுவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லைங்கறது தப்பு. நம்மள மாதிரி ஆன்டிபாடி கெடையாது, அது நெசம். ஆனா பொறக்கும்போதே கூட வர்ற எதிர்ப்பு அதுக்கு நெம்ப பலமா இருக்கு. நீங்களே பாத்திருப்பீங்க, தட்டுல புழு தெரியாம நசுங்கிட்டா வெளிர் மஞ்சளா ஒரு தண்ணி வரும், கொஞ்ச நேரத்துல பாத்தா அது கறுத்துக் கெடக்கும். பட்டுப்புழுவத் தாக்கற ஊசி ஈயோட குட்டிப்புழு தோலத் தொளைச்சு உள்ள போன எடத்துலயும் ஒரு கரும்புள்ளி நிக்கும். அந்தக் கறுப்பு மெலனின், நம்ம தோலுல முடில இருக்கற அதே ரகம். புழுவோட ரத்தத்துல தூங்கிட்டு இருக்கற ஃபீனால் ஆக்சிடேஸ்னு ஒரு நொதி காயம் பட்டதும் முழிச்சு, உள்ள வந்தவன அந்த எடத்துலயே கறுப்பு மெலனினால மூடி வெஷம் வெச்சுக் கொல்லப் பாக்குது. (மிளகுப் பொடி தூவுன மாதிரி ஒடம்பு பூராவும் பொடிப் புள்ளி இருந்தா மட்டும் அசால்ட்டா விடாதீங்க, பெப்ரின்ங்கற தொத்து நோயா இருக்கலாம், உடனே பட்டு வளர்ச்சித்துறை ஆளுங்ககிட்ட காட்டி மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொல்லுங்க.)

இந்த நொதி முழிக்கறதுக்கு ஒரு சங்கிலி இருக்கு. பூஞ்சையோட சுவர்ல பீட்டா குளூக்கான்னு ஒரு சக்கரைச் சரடு இருக்கு, அது நம்ம ஒடம்புலயும் கெடையாது புழு ஒடம்புலயும் கெடையாது, அதனால அது தெரிஞ்சாலே வெளியாளு வந்துட்டான்னு அர்த்தம். அத அடையாளம் கண்டுபுடிக்கற புரதத்த 1988ல ஜப்பான்காரங்க பிரிச்சு எடுத்ததே பட்டுப்புழு ரத்தத்துல இருந்துதான். அது போய் ஒரு வெட்டுற நொதியத் தட்டியெழுப்பும், அது இன்னொரு வெட்டுற நொதிய வெட்டி எழுப்பும், இப்படியே போயி ஒரு பக்கம் மெலனின், இன்னொரு பக்கம் ஸ்பாட்ஸ்லேன்னு ஒரு துண்டு உருவாகி செல்லு மேல சேதி வாங்கறதுக்குன்னு இருக்கற டோல் அப்படிங்கற வாங்கிய (ரிசெப்டார்) தட்டும், ஒடனே செல்லுக்குள்ள பூஞ்சையக் கொல்ற சின்னச் சின்ன புரதங்கள் தயாராகும். டோல் எவ்வளவு முக்கியம்னு 1996ல ஃபிரான்சுல ஜூல்ஸ் ஹாஃப்மன் ஆய்வகத்துல காட்டுனாங்க. டோல் வேல செய்யாத பழ ஈ மேல பூஞ்சைய விட்டா, அது செத்து ஒடம்பெல்லாம் பூஞ்சை இழை மொளைச்சு நிக்கற போட்டோ ஒண்ணு இருக்கு, எங்க துறைல அதப் பாக்காத ஆளு கெடையாது. அடுத்த ரெண்டு வருசத்துல மனுசனுக்கும் எலிக்கும் இதே குடும்பத்து வாங்கிகள் இருக்குன்னு தெரிஞ்சுது. 2011ல ஹாஃப்மனுக்கும் ப்ரூஸ் பாய்ட்லருக்கும் நோபல் கெடச்சது இதுக்குத்தான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்தச் சங்கிலில இருக்கறதெல்லாம் வெட்டுற நொதிங்க, ஒண்ணு ஆரம்பிச்சா அடுத்தடுத்து பெருசாகிட்டே போகும். நிறுத்தச் சொல்றது யாரு? செர்பின்னு ஒரு புரதக் குடும்பம். இது வேல செய்யற விதம் அச்சு அசல் எலிப்பொறி மாதிரி. மேல ஒரு வளையம் நீட்டிட்டு நிக்கும், அதான் தீனி. வெட்டுற நொதி வந்து அதக் கடிச்சதும் வளையம் படார்னு செர்பினுக்குள்ள சொருகிக்கும், கடிச்ச நொதியையும் இழுத்துட்டுப் போயி 7 நானோமீட்டர் தள்ளி அந்தக் கோடில நசுக்கி வெச்சிரும். அந்த நொதி அதோட முடிஞ்சுது, செர்பினும் முடிஞ்சுது, ஒரு தடவை தான் உபயோகம்.

பழ ஈல நெக்ரோடிக்னு ஒரு செர்பின் இருக்கு. அது கெட்டுப்போன ஈக்களுக்கு பூஞ்சையே வராட்டியும் டோல் எந்நேரமும் ஓடிட்டே இருக்கும், ஒடம்புல கரும்புள்ளி போட்டு சீக்கிரமா செத்துப் போகும். இத 1999ல கண்டுபுடிச்சாங்க. எதிரி யாரும் வராமயே சொந்த எதிர்ப்பு சக்தியாலயே சாகறது அது. நம்ம ரத்தத்துல இருக்கற செர்பின் குடும்பத்து முக்கியமான ஆளு பேருதான் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின், அய்யனுக்கு எழுதிக் குடுத்த டெஸ்ட் இதோட அளவப் பாக்கத்தான்.

கல்லீரல் இத தயார் பண்ணி ரத்தத்துல அனுப்புது. நுரையீரலுக்குள்ள தூசி, கிருமி எது வந்தாலும் நியூட்ரோஃபில்னு வெள்ளை அணுக்கள் ஓடி வந்து எலாஸ்டேஸ்னு ஒரு நொதியக் கொட்டும். எலாஸ்டேஸ் கிருமியையும் வெட்டும், காத்துப் பைகள சுருங்க விரிய வெக்கற எலாஸ்டின் நாரையும் வெட்டும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த செர்பின் போதுமான அளவு இருந்தா எலாஸ்டேஸப் புடிச்சு நசுக்கிரும். இல்லைன்னா நாரு அறுந்து அறுந்து எம்ஃபைசிமா. 1963ல ஸ்வீடன்ல லாரெல், எரிக்சன்னு ரெண்டு பேரு இந்தக் கொறைபாட்டக் கண்டுபுடிச்சாங்க. இசட் வகைனு சொல்ற மரபணு மாத்தத்துல 394 அமினோ அமிலத்துல ஒண்ணே ஒண்ணு, 342வது எடத்துல, குளூட்டமேட்டுக்குப் பதிலா லைசின் வந்திருக்கும். அவ்வளவுதான், ஆனா அதனால ஒரு செர்பினோட வளையம் பக்கத்து செர்பினுக்குள்ள சொருகி, கோத்து கோத்து கல்லீரல்லயே கட்டியா தங்கிரும், நுரையீரலுக்கு வந்து சேராது. கல்லீரலும் கெடும், நெஞ்சும் கெடும். நெக்ரோடிக் கெட்ட ஈக்கள்லயும் இதே ரக மாத்தங்கள் இருக்கறத 2003ல காட்டுனாங்க.

புகையும் இதே எடத்துலதான் கைய வெக்குது. சிகரெட் புகை அந்த வளையத்துல 358வது எடத்துல இருக்கற மெத்தியோனின ஆக்சிஜன் ஏத்திக் கெடுத்திரும், அப்பறம் எலாஸ்டேஸ் சரியா மாட்டாது. மரபணு நல்லா இருக்கறவனுக்கே இது நடக்கும்.

அய்யன் புகை புடிக்கல, அப்ப அவருக்கு ஏன்? ரெண்டு எடத்துல தேடணும். ஒண்ணு மரபணு, அதுக்குத்தான் டெஸ்ட். இன்னொண்ணு அந்த ப்ளோ ரூம். பஞ்சு பேல்ல பஞ்சு மட்டும் வர்றதில்ல, செடில இருந்த பாக்டீரியாவோட சுவர்த் துண்டும் வருது, எண்டோடாக்சின்னு பேரு. அது நம்ம நுரையீரல்ல தட்டுற வாங்கி டிஎல்ஆர்-4, புழுவோட டோலுக்கு ஒறம்பரை. 1998ல பாய்ட்லர் கண்டுபுடிச்சது இதத்தான். அது தட்டுனா நியூட்ரோஃபில் வரும், கூடவே எலாஸ்டேஸ் வரும். ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு திங்கக்கெழம ஷிப்டுல நெஞ்சு இறுக்கமா இருக்குதுன்னு பழைய மில்லு ஆளுங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, பிஸினோசிஸ்ங்கற பஞ்சுத்தூசி நோயோட மொத அடையாளமே அதுதான். வருசக்கணக்குல அந்தத் தூசியக் குடிச்சவங்களுக்கு மூச்சோட அளவு நிரந்தரமாவே கொறையும். அய்யனுக்கு அந்தக் காலத்துல திங்கக்கெழம இப்படி இருந்துச்சான்னு ஒருக்கா கேளுங்க.

டெஸ்ட் கண்டிப்பா எடுங்க. எம்ஃபைசிமா, சிஓபிடி (மூச்சுக்குழா அடைச்சுக்கற நாள்பட்ட நோய்) இருக்கற எல்லாரும் வாழ்க்கைல ஒரு தடவையாவது இத எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதுலயும் 50 வயசுக்குள்ள, புகை புடிக்காதவருக்கு வந்திருந்தா ரெண்டாவது பேச்சே இல்ல. காய்ச்சல், சளி இருக்கறப்ப மட்டும் ரத்தம் குடுக்காதீங்க. ஒடம்புல அழற்சி இருந்தா கல்லீரல் இந்தப் புரதத்த அதிகமா விடும், கொறைவா இருக்கறதும் நார்மல் மாதிரி காட்டிரும். கூடவே அழற்சியக் காட்டற சிஆர்பி டெஸ்ட்டும் பாத்துக்கிட்டா அந்தக் குழப்பம் வராது. டெசிலிட்டருக்கு 100ல இருந்து 200 மில்லிகிராம் பக்கம் சாதாரணம், லேபுக்கு லேப் மாறும். கம்மியா வந்தா எந்த மரபணு வகைன்னு அடுத்த டெஸ்ட் சொல்லுவாங்க. அது உறுதியாச்சுன்னா நீங்களும், உங்க அக்கா தங்கச்சியும், அய்யன் கூடப் பொறந்தவங்களும் ஒருக்கா பாக்கணும். இசட் வகை வட ஐரோப்பாக்காரங்க வழிலதான் அதிகம், நம்ம பக்கம் அபூர்வம், அதனால ரிப்போர்ட் நார்மலா வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி வந்துட்டா மில்லு தூசி மேல டாக்டரோட கவனத்தத் திருப்புங்க.

இனி புழு மனை. ஃபார்மலின், பிளீச்சிங் பவுடர் அடிக்கற வேலைல அய்யன் இருக்கவே கூடாதுங்க, வாடை முழுசா போனப்பறம்தான் உள்ள வரணும். துணி மாஸ்க்கும் என்95ம் ஃபார்மலின் ஆவிய நிறுத்தாது, அடிக்கறவங்களுக்கு ஆவிக்குன்னு இருக்கற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும். தோலுரிப்பு சமயத்துல படுக்கைல தூவுற சுண்ணாம்பு வேற, அதுக்கு என்95 போதும், ஆனா பாராஃபார்மால்டிஹைடு கலந்த பவுடர்ல இருந்து ஃபார்மலின் ஆவியே வரும், அதுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான், ரெண்டுக்குமே கண்ணாடியும் போட்டுக்குங்க. சுண்ணாம்புக்கட்டி வந்த புழு செத்த ஒடனே வெள்ளையாகாது, மொதல்ல வெறைக்கும், அப்பறந்தான் வெள்ளப் பொடி கெளம்பும். வெறைக்கற கட்டத்துலயே பொறுக்கி எரிச்சிருங்க, காலைலயும் பொழுதோடயும் தட்டு பாத்தா முடியற காரியம்தான். மழைக்காலத்துல சன்னலத் தொறந்து காத்தோட்டம் விடுங்க, படுக்கை ஈரமா கெடக்க விடாதீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு தென்னைக்கோ காய்கறிக்கோ உயிரியல் மருந்துன்னு பியூவேரியா அடிக்கறாரான்னும் விசாரிங்க, அது இதே பூஞ்சைதான், மல்பெரிக்கும் புழு மனைக்கும் பக்கத்துல அடிக்கவே கூடாது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அய்யனோட பழைய மில்லு அட்டை, ஈஎஸ்ஐ நம்பரு, எந்த வருசம் எந்த டிபார்ட்மெண்ட்டுல வேலைன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. மூச்சோட அளவப் பாக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுக்கலைன்னா எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பிஸினோசிஸ் சட்டத்துல இருக்கற தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு, டாக்டர் அதுதான்னு எழுதுனா இழப்பீடு கேக்க வழி இருக்கான்னு ஈஎஸ்ஐ ஆபீசுல விசாரிங்க.