முழு வேகத்தில் என் இரட்டை மோட்டார் ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) படகு இடப்பக்கமே இழுக்கிறது. கோளாறை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்களை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பதில் அதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் கட்டிய ரோந்துப் படகு மாதிரி, நீளம் 80 செ.மீ. இரண்டு 550 அளவு பிரஷ் மோட்டார், ஆளுக்கொரு ஈஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி), எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர், நடுவில் ஒரே ஒரு சுக்கான். மெதுவாக ஓட்டினால் நேராகப் போகிறது, முழு வேகம் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கம் சட்டென்று திரும்புகிறது, வலப்பக்கம் திரும்ப பாதி ஏரி வேண்டியிருக்கிறது. ரிவர்சில் சுக்கான் கேட்பதே இல்லை. கரைக்கு வந்து தொட்டுப் பார்த்தால் இடது மோட்டார் மட்டும் கொதிக்கிறது. இப்போதைக்கு டிரிம் வைத்து, அதாவது டிரான்ஸ்மிட்டரில் சுக்கானின் நடுநிலையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, சமாளிக்கிறீர்கள்.

அந்த டிரிமை முதலில் நடுவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். சுக்கானை ஓரமாக வைத்து ஓட்டினால் படகு நேராகப் போகும்தான். ஆனால் அது தண்ணீரைத் தடுத்துக்கொண்டே வரும், வேகம் குறையும், மெதுவாக ஓட்டும்போது இன்னொரு பக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம், எது கோளாறு என்று உங்களுக்கே தெரியாமல் மூடிவிடும்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடிபட்ட வரி, "இடது மோட்டார் மட்டும் கொதிக்கிறது" என்பது. படகு இடப்பக்கம் இழுக்கிறது என்றால் இடது பக்கம் தள்ளுவது குறைவு, வலது பக்கம் அதிகம். இடது ப்ரொப்பெல்லர் சின்னதாக இருந்து அதனால் தள்ளல் குறைந்திருந்தால், அந்த மோட்டாருக்கு வேலையும் குறைவு, ஜில்லென்று இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் பெரிதாக இருந்து சூடாகியிருந்தால், அந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளி படகு வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டும். உங்களுடையது இரண்டும் இல்லை. கரண்டை வாங்குகிறது, தள்ளவில்லை. வாங்கிய கரண்ட் தண்ணீருக்குப் போகாமல் வழியிலேயே சூடாகப் போய்விடுகிறது. அப்படி நடக்க இடங்கள் மிகச் சில: ப்ரொப்பெல்லரில் சுற்றிய குப்பை, இறுகிய ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு), மோட்டாருக்குள் டைமிங் (பிரஷ்கள் உட்கார்ந்திருக்கும் கோணம்).

குப்பையை அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். நம் ஏரி குளங்களில் பாசியைவிட மோசமானது அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பு. ப்ரொப்பெல்லருக்கும் ஷாஃப்ட் குழாய்க்கும் நடுவில் இறுகச் சுற்றிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, நகத்தால் அந்த இடுக்கைத் தடவிப் பாருங்கள்.

அடுத்து ஷாஃப்ட். மோட்டாருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் உள்ள கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, ப்ரொப்பெல்லரை விரலால் சுழற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பிறகு கப்ளிங்கைத் திரும்ப மாட்டிச் சுழற்றுங்கள். இப்போது ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் இறுகினால், மோட்டார் ஷாஃப்ட்டின் நேர்கோட்டில் உட்காரவில்லை. யூனிவர்சல் கப்ளிங் இருக்கிறதே, அது சரிசெய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோணம் விலகியிருந்தால் அது ஓரளவு தாங்கும், ஆனால் சத்தமும் அதிர்வும் சூடும் வரும். மோட்டார் தாங்கியின் அடியில் மெல்லிய தகடு வைத்து நேராக்குவதுதான் வழி. குழாய்க்குள் கிரீஸ் காய்ந்திருந்தால் வெளியே எடுத்துத் துடைத்து புதிதாகப் போடுங்கள்.

இவை இரண்டும் சரி என்றால், என் சந்தேகம் முழுக்க டைமிங் மேல். இரட்டை மோட்டார் கட்டுகிற பலர் முதல் படகில் இதில்தான் மாட்டுகிறார்கள். கடையில் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை, மோட்டாரின் மேலும் பெரும்பாலும் எழுதியிருக்காது.

விஷயம் இதுதான். பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரை (காயில்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சுழலும் செம்பு வளையத்தை) தொடும் இடம், காந்தங்களுக்குச் சரிநடுவில் இருந்தால் அந்த மோட்டார் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி சுற்றும். ஆனால் காயிலில் கரண்ட் திசை மாற ஒரு சிறு நேரம் பிடிக்கும். லோடு ஏற ஏற உள்ளே காந்தப்புலமும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். அதை ஈடுகட்ட, ஒரே திசையில் மட்டும் ஓடப்போகிற மோட்டார்களில் பிரஷ்களைச் சில டிகிரி நகர்த்தி வைத்தே செய்கிறார்கள். அந்தத் திசையில் வேகமும் வரும், பிரஷ்ஷும் அதிகம் தேயாது. அதே மோட்டாரை வயர் மாற்றித் திருப்பி ஓட்டினால், உதவிய அந்தச் சில டிகிரி இப்போது எதிராக வேலை செய்யும். வேகம் குறையும், பொறி பறக்கும், சூடாகும். ஆர்சி கார்களுக்கு வரும் மோட்டார்களிலும், கார்ட்லெஸ் ட்ரில்லிலிருந்து கழற்றி விற்கும் 550 வகையிலும் இது சகஜம்.

இப்போது உங்கள் படகைப் பாருங்கள். ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரே மாதிரி இரண்டு மோட்டார் வாங்கி, ஒன்றுக்கு மட்டும் வயரைத் திருப்பியிருப்பீர்கள். திருப்பியது இடதாக இருக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது, கரண்ட் ஏற ஏறத்தான் தெரியும். நீங்கள் சொன்ன அறிகுறியும் அதுவே.

ஊகத்தை நம்ப வேண்டாம், மேசையிலேயே சோதித்துவிடலாம். கப்ளிங்கைக் கழற்றி, மோட்டார் தனியாக இருக்கட்டும். 6 வோல்ட் மாதிரி ஒரு நிலையான சப்ளை, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் சீரிஸாக வையுங்கள். ஒரு திசையில் சில விநாடி ஓட்டி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வயரை மாற்றி அதே மாதிரி. இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நடுநிலை மோட்டார். நன்றாக விலகினால் டைமிங் வைத்தது. மீட்டர் இல்லையென்றால் காது போதும்: ஒரு திசையில் சத்தம் கீச்சென்று உயர்ந்து நிற்கும், மறுதிசையில் கொஞ்சம் தொய்ந்த மாதிரி இருக்கும். இன்னொரு வேடிக்கையான வழி, விளக்கை அணைத்துவிட்டு மோட்டாரின் பின்பக்கத் துவாரம் வழியாகப் பார்ப்பது. சரியான திசையில் பிரஷ் முனையில் ஊசிமுனை அளவு நீலப் பொறிகள் மட்டும் இருக்கும். தப்பான திசையில் அந்தப் பொறி கம்யூட்டேட்டரோடு சேர்ந்து இழுபட்டு, ஆரஞ்சு நிறத்தில் வால் மாதிரி நீளும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

தண்ணீரிலும் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு மோட்டாரின் வயர்களையும் திருப்பி, ப்ரொப்பெல்லர்களை இடம் மாற்றிப் போடுங்கள். படகு முன்புபோல முன்னோக்கித்தான் போகும், ஆனால் முன்பு திருப்பி ஓடிய மோட்டார் இப்போது சரியாக ஓடும், மற்றது திரும்பி ஓடும். இழுப்பும் சூடும் வலப்பக்கம் மாறினால் டைமிங் அல்லது ப்ரொப்பெல்லர். எது என்பதை மேசைச் சோதனை சொல்லிவிடும், அங்கே ப்ரொப்பெல்லரே இல்லை அல்லவா. மாறாமல் இடதிலேயே நின்றால் ஷாஃப்ட், அந்தக் குறிப்பிட்ட மோட்டார், அந்தப் பக்க ஈஎஸ்சி, அல்லது படகின் அடிப்பாகம்.

சரி, டைமிங்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? பின்மூடியில் இரண்டு ஸ்க்ரூ இருந்து, அதைத் தளர்த்தி மூடியைச் சுற்ற முடிகிற வகை என்றால், இரண்டு திசையிலும் ஒரே ஆம்பியர் வரும் இடத்தில் நிறுத்தி இறுக்கிவிடலாம். மடித்து அடைத்த டப்பா வகையில் அது முடியாது. அப்போது டைமிங் இல்லாத நடுநிலை மோட்டார் ஒரு ஜோடி வாங்குங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அல்லது இரண்டு ப்ரொப்பெல்லரையும் ஒரே கைத் திசையில் போட்டு இரண்டு மோட்டாரையும் அதன் திசையிலேயே ஓட்டுங்கள். உங்கள் படகில் ப்ரொப்பெல்லர் முழுக்க தண்ணீருக்குள் இருப்பதால் பக்கவாட்டு இழுப்பு (ப்ரொப்பெல்லர் சுற்றும் திசையால் படகின் பின்பக்கம் ஒரு ஓரமாக நகர்வது) லேசாகத்தான் வரும், அதற்குக் கொஞ்சம் டிரிம் வைத்தால் தப்பில்லை. ப்ரொப்பெல்லர் பாதி வெளியே நின்று சுற்றும் ரேஸ் படகில் இந்த வேலை எடுபடாது, பின்பக்கத்தை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போய்விடும். பட்ஜெட் இருந்தால் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறலாம். அங்கே மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் திசை மாறும், டைமிங்கை ஈஎஸ்சி பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு மோட்டாருக்கு ஒரு ஈஎஸ்சி கட்டாயம். ரேஸ் படகு மாதிரி ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (கம்பிகளை முறுக்கிச் செய்த வளையும் தண்டு) போடுவதாக இருந்தால், எதிர்த்திசையில் சுற்றும் பக்கத்துக்கு எதிராக முறுக்கிய ஷாஃப்ட்டே வேண்டும். தப்பானதைப் போட்டால் லோடில் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

வயரிங்கில் சில விஷயங்களை ஓட்டமாகச் சொல்கிறேன். இரண்டு ஈஎஸ்சியிலும் பெக் (BEC, பேட்டரியிலிருந்து ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) இருந்தால், ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் ரிசீவர் பிளக்கிலிருந்து எடுத்து டேப் சுற்றிவிடுங்கள். ரிசீவருக்கு ஒரு பெக் போதும். ஆளுக்கொரு பேட்டரி வைத்தவர்களுக்கு வேறு ஒரு தொல்லை: ஒன்று முதலில் இறங்கி அதன் ஈஎஸ்சி கட் ஆகும், படகு ஏரி நடுவில் வட்டம் போடும். ஒரே வகை பேட்டரிகளை முழுதாக சார்ஜ் செய்து பேரலலாக இணைத்து, அங்கிருந்து இரண்டு ஈஎஸ்சிக்கும் எடுத்தால் இது வராது. ஒரே ஈஎஸ்சியில் இரண்டு பிரஷ் மோட்டாரையும் சீரிஸில் போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு ப்ரொப்பெல்லர் அலையில் காற்றை இழுத்ததும் அந்த மோட்டார் வோல்டேஜை எல்லாம் எடுத்துக்கொண்டு பறக்கும், தண்ணீருக்குள் இருப்பது படுத்துவிடும்.

இரண்டு ஈஎஸ்சியும் ஒன்றாகத் தொடங்குகின்றனவா என்றும் பாருங்கள். ஸ்டிக்கை மெல்ல நகர்த்தும்போது ஒன்று முன்னால் சுற்றத் தொடங்கினால் இரண்டையும் மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டும், அதாவது ஸ்டிக்கின் நடுவும் உச்சமும் எங்கே என்று ஈஎஸ்சிக்குப் பழக்க வேண்டும். கேலிபிரேஷன் இல்லாத மலிவு வகையில் சில, ஸ்விட்ச் போடும்போது ஸ்டிக் இருக்கும் இடத்தையே நியூட்ரலாக எடுத்துக்கொள்ளும். அதனால் டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, த்ராட்டில் டிரிமை நடுவில் வைத்துவிட்டுப் பிறகு படகை ஆன் செய்யுங்கள்.

இனி திருப்பம். இடது மோட்டார் சரியானால் வலப்பக்கத் திருப்பமும் பாதி சரியாகிவிடும், இதுவரை பலமான வலது மோட்டார் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி சர்வோவில் (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியில்) இருக்கலாம். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கொம்பு கம்பிக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாகத் திரும்பும். கொம்பைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு, கம்பியின் நீளத்தில் மீதியைச் சரிசெய்யுங்கள். சுக்கான் ஒவ்வொரு பக்கமும் 35 டிகிரி திரும்பினால் போதும். நிஜக் கப்பல்களிலும் அதுதான் வழக்கமான உச்சம். அதற்கு மேல் போனால் திருப்புவதைவிட பிரேக் பிடிப்பதுதான் அதிகம்.

ஆனால் நடுவில் ஒரே சுக்கான் என்பது இரட்டை ப்ரொப்பெல்லர் படகுக்குப் பொருந்தாத அமைப்பு. ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் இரண்டு ஓரத்திலும் போகிறது, சுக்கான் நடுவில் சும்மா நிற்கிறது. படகு வேகமெடுத்தால்தான் அதற்கு வேலை. முடிந்தால் ஒவ்வொரு ப்ரொப்பெல்லருக்கும் நேர் பின்னால் ஒரு சிறு சுக்கான் வைத்து இரண்டையும் ஒரே கம்பியால் இணையுங்கள். மெதுவாகப் போகும்போது திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ரிவர்ஸ் பிரச்சினை சுக்கானால் தீராது. பின்னோக்கிப் போகும்போது ப்ரொப்பெல்லர் தண்ணீரை முன்பக்கம் தள்ளுகிறது, சுக்கான் மேல் எதுவும் படுவதில்லை. பெரிய கப்பல்களுக்கும் இதே தொல்லை உண்டு. உங்களிடம் இரண்டு ஈஎஸ்சி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். டிரான்ஸ்மிட்டரில் விமானத்துக்கென்று இருக்கும் எலிவான் அல்லது வி-டெயில் மிக்ஸ் (இரண்டு ஸ்டிக் அசைவுகளைக் கலந்து இரண்டு சேனலுக்கு அனுப்பும் வசதி), இரண்டு மோட்டாரையும் வேறு வேறு வேகத்தில் ஓட்டப் போதும். மீன்பிடிப்பவர்கள் இரை போட அனுப்பும் படகுகளில் பல, சுக்கானே இல்லாமல் இப்படித்தான் திரும்புகின்றன. விமான டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் ஸ்டிக்குக்கு ஸ்பிரிங் இருக்காது, அதனால் தானாக நடுவுக்கு வரும் ஸ்டிக்கில் முன்பின் ஓட்டத்தை வையுங்கள்.

ஒரு மோட்டார் முன்னால், இன்னொன்று பின்னால் என்று ஓட்டி நின்ற இடத்திலேயே சுற்றும்போது, ப்ரொப்பெல்லர்கள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்பதும் கணக்கில் வரும். பின்னாலிருந்து பார்த்தால் வலது ப்ரொப்பெல்லர் கடிகாரத் திசையிலும் இடது அதற்கு எதிராகவும், அதாவது மேல் இதழ்கள் வெளிப்பக்கம் போகிற மாதிரி இருந்தால், பக்கவாட்டு இழுப்பும் சுற்றுவதற்குத் துணை செய்யும். உள்பக்கமாகச் சுற்றினால் அது எதிராக நிற்கும். மேலே சொன்ன இடமாற்றச் சோதனை இந்தத் திசையையும் மாற்றிவிடும், முடித்தபின் எப்படி விட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸ் அளவை 30 சதவீதத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். ஒரு ஸ்விட்ச்சில் வைத்து, கரைக்கு வரும்போது மட்டும் ஆன் செய்வது நல்லது. முழு வேகத்தில் மிக்ஸோடு சுக்கானையும் முழுதாகத் திருப்பினால், உள்பக்க மோட்டார் திடீரென்று இறங்கி படகு கவிழ வாய்ப்பு உண்டு. டென்னிஸ் பந்து கட்டிய ஒரு தூண்டில் கோலும் கையோடு எடுத்துப் போங்கள், நின்றுபோன படகைத் தாண்டி வீசி நரம்பாலேயே கரைக்கு இழுக்கலாம்.