பொண்ணும் அப்பா மாதிரியே ஆயிடுவாளோ?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் பழைய ரேடியோவும் சால்டரிங் கம்பியும்தான் அவர் உலகம். பிளஸ் டூ படிக்கும் மகளும் அவரோடு உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பிசிக்ஸ்தான் என்கிறாளாம். "இவரை வச்சே படாத பாடு படறேன் சார். இவளும் இப்படி ஆயிட்டா?"

அம்மா, நானும் அப்படியொரு வீட்டுப் பிள்ளைதான். 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது எனக்கு 9 வயது. அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போவார். இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் தெற்கே, கண்ணாடியில் கை பட்ட மாதிரி ஒரு கறை தெரிந்தது. "இதுக்காப்பா எழுப்புனே?" என்று அழுதேன். அவர் பாட்டுக்கு விரல் விட்டு எண்ணி, "அடுத்தது 2061. உனக்கு 84 வயசு இருக்கும், மறக்காம பாரு" என்றார். தெருவில் அவருக்குக் கணக்குப் பைத்தியம் என்று பேர். நண்பர்களை வீட்டுக்கு அழைக்கவே கூச்சப்படுவேன்.

ஆனால் நான் விஞ்ஞானி ஆகவில்லை, பி.காம். படித்தேன். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது வானமல்ல, ஒரு வார்த்தை: "தெரியலையே, பார்ப்போம்." எதைக் கேட்டாலும் சமாளிக்காமல் இப்படிச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தேடுவார். இன்று யாராவது புதுப் படிப்பு ஒன்றைப் பற்றிக் கேட்டால் நானும் அதையேதான் சொல்கிறேன்.

குறையும் உண்டு. கிரகணம் பிடிக்கும் நிமிஷத்தைச் சொல்பவர், நான் ஆசைப்பட்ட சென்னைக் கல்லூரியின் விண்ணப்பத்தை எங்கோ வைத்து மறந்துவிட்டார். கடைசித் தேதி முடிந்து நாலு நாள் கழித்து அது லாகரிதம் புத்தகத்துக்குள் கிடைத்தது! ஆகவே தேதிகளை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு அறிவியல் படிப்பு இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே ஒன்று. அதன் நுழைவுத்தேர்வு விண்ணப்பம் மார்ச், ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவது வழக்கம். ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் நழுவிவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கும் போட்டு வையுங்கள். கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50 என 200-க்குத்தான் கட் ஆஃப். இந்த மூன்று பாடமும் இரண்டுக்கும் பொதுதான், ஐசர் தேர்வில் உயிரியல் கேள்விகளும் உண்டு. பி.எஸ்சி. சேர்ந்தாலும் கதவு மூடிவிடாது. ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம். ஆனால் ஆராய்ச்சி என்பது பி.எச்டி. வரை நீளும் பாதை. சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்ற நிலைமை வீட்டில் இருந்தால் அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, பிசிக்ஸா இன்ஜினியரிங்கா? ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் அங்கிருந்தவர்களும் உண்டு. பிற்பாடு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. வானத்தைப் பார்ப்பவரும் வேண்டும், பார்க்கும் கருவியைச் செய்பவரும் வேண்டும். உங்கள் பெண் எந்த ரகம்? ரேடியோ பாட ஆரம்பித்ததும் எழுந்து அடுத்ததைப் பிரிக்கப் போகிறாள் என்றால் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் பாருங்கள். பாடின பிறகும் "ஏன் இப்படி?" என்று உட்கார்ந்திருக்கிறாள் என்றால் பிசிக்ஸ் என்பேன். இது என் அனுபவக் கணக்கு, பரீட்சை அல்ல.

ஒரு சனிக்கிழமை வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக அவளைக் காவலூருக்கே கூட்டிப் போங்களேன். பார்வையாளர் அனுமதியையும் நேரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவள் என்ன கேட்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். வீட்டுக்காரரும் வரட்டும். வழியெல்லாம் வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.