செயிண்ட் சார்லஸ் தடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் சென்றோம். செயிண்ட் சார்லஸ் அவென்யூவில் ஓடும் பச்சை டிராமில் ஏறி, இறங்க மனமில்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம். 1835 முதல் அந்தத் தடம் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். என் தந்தையார் சென்னையில் டிராமில் கல்லூரிக்குப் போனவர். அவர் சொன்ன டிராம் 1953இல் நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்ததில்லை. "அவர்கள் பழமையைப் போற்றுகிறார்கள், நாம் தூக்கி எறிந்துவிடுகிறோம்" என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் அந்த நகரத்தில் சில மாதங்கள் இருந்ததாக முன்பு எழுதியிருக்கிறீர்கள். அந்த டிராம் எந்த வழியாகப் போகிறது, அது எப்படித் தப்பியது என்று விரிவாக எழுத முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் பக்கமே நான் நிற்க வேண்டியிருக்கிறது. பழமையைப் போற்றும் பண்பு மட்டும் ஒரு டிராமைக் காப்பாற்றிவிடாது. அந்தப் பண்பு உள்ளதாக நீங்கள் நினைக்கும் அதே நகரம்தான் 1964 மே மாதத்தில், தன் முதன்மைச் சாலையான கெனால் தெருவில் ஓடிக்கொண்டிருந்த டிராமை நிறுத்திப் பேருந்து விட்டது. அதற்கும் முன்பு, 1948இல், டிஸையர் தடம் போயிற்று. அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிஸையர்' என்ற நாடகத் தலைப்பால் உலகமெல்லாம் பெயர் தெரிந்த தடம் அது. நாடகம் அரங்கேறிய அடுத்த ஆண்டே தடத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியது, இத்தனை தடங்கள் போன ஊரில் செயிண்ட் சார்லஸ் மட்டும் எப்படி நின்றது என்பதுதான். என் பதில் அது ஓடும் நிலத்தைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முதலில் வழியைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏறிய இடம் கெனால் தெருவின் ஓரம். பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மக்களின் பழைய நகரத்துக்கும், பிற்பாடு வந்து குடியேறிய அமெரிக்கர்களின் புதிய பகுதிக்கும் நடுவே ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டு, வெட்டாமலே விட்ட இடம் அந்தத் தெரு. பெயர் மட்டும் கால்வாயின் பெயராகவே நிலைத்தது. இரு தரப்பாருக்கும் ஆகாத காலத்தில் தெருவின் நடுவில் இருந்த அகன்ற திட்டு யாருக்கும் சொந்தமில்லாத நடுநிலமாகக் கருதப்பட்டது. இன்றைக்கும் அந்த ஊரில் எந்தச் சாலையின் நடுத்திட்டையும் 'நியூட்ரல் கிரவுண்ட்' என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெனால் தெருவிலிருந்து புறப்படும் டிராம் முதலில் குறுகலான வணிகத் தெருக்களின் வழியே, கார்களோடு கார்களாக நகர்கிறது; போகும்போது செயிண்ட் சார்லஸ் தெரு, வரும்போது காரன்டலெட் தெரு. பிறகு ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றுகிறது. நெடுங்காலம் லீ வட்டம் என்று அழைக்கப்பட்ட அந்த இடத்தில் இருந்த, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய தளபதி லீயின் சிலையை 2017இல் அகற்றினார்கள். 2022இல் ஹார்மனி வட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அந்த வட்டத்தைத் தாண்டியதும் தண்டவாளம் சாலையை விட்டு நடுத்திட்டில் ஏறிக்கொள்கிறது. அதன்பின் இரு பக்கமும் கார்கள் போக, நடுவே புல்தரையில், பெரிய ஓக் மரங்களின் அடியில் டிராம் தனியாகப் போகிறது. கார்டன் டிஸ்ட்ரிக்ட் மாளிகைகள், லயோலா, டுலேன் பல்கலைக்கழகங்கள், அவற்றுக்கு எதிரே ஆடுபான் பூங்கா, பிறகு மிஸிஸிப்பியின் கரையை ஒட்டி ஒரு திருப்பம், அதிலிருந்து கரோல்டன் அவென்யூ, முடிவில் கிளைபோர்ன் அவென்யூ. மொத்தம் 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

அந்தத் திருப்பம் ஏன் வருகிறது என்று நீங்கள் யோசித்திருக்கக்கூடும். ஆறு அங்கே பிறைநிலா போல வளைகிறது. டிராம் ஆற்றின் வளைவைப் பின்பற்றியே போகிறது. வெள்ளக் காலங்களில் கரை மீறிய ஆறு கரையை ஒட்டியே வண்டலைக் கொட்டிக் கொட்டி அங்கே மேட்டை உண்டாக்கியிருக்கிறது. ஆற்றை விட்டு உள்ளே போகப் போகத் தரை தாழ்ந்து சதுப்பாகிவிடும். நம் ஊர்களில் ஆற்றை நோக்கித் தரை இறங்கும், இங்கே ஆற்றை விட்டு விலகும்போது இறங்குகிறது. 1833இல் உரிமம் பெற்று, 1835 செப்டம்பரில் வண்டி விட்ட நியூ ஆர்லியன்ஸ் அண்டு கரோல்டன் ரயில்ரோடு கம்பெனி, அந்த மேட்டின் மேலேயே தண்டவாளம் போட்டது. ஒரு முனையில் நகரம், மறுமுனையில் கரோல்டன் என்ற சிற்றூர், இடையே பெரும்பகுதி கரும்புத் தோட்டங்கள். ரயில் பாதை வந்த பிறகுதான் தோட்டக்காரர்கள் நிலத்தை மனைகளாக்கி விற்றார்கள். இடையில் முளைத்த லஃபாயெட் 1852இலும், ஜெஃபர்சன் சிட்டி 1870இலும், கடைசியாகக் கரோல்டன் 1874இலும் நகரத்தோடு சேர்ந்தன. அதாவது, நீங்கள் பார்த்த அந்த அவென்யூ டிராமுக்கு முன்பு இருந்ததன்று. டிராம் பாதையின் இரு பக்கமும் வளர்ந்ததுதான் அந்த அவென்யூ. இது பெரிய வேறுபாடு. ஏற்கெனவே கட்டி முடித்த தெருவுக்குள் பின்னால் வந்து நுழைந்த டிராமைத்தான், மோட்டார் வாகனம் பெருகியபோது, இடைஞ்சல் என்று சொல்வது எளிதாக இருந்தது. சென்னை டிராமின் கதை அதுதான் என்று நினைக்கிறேன். மவுண்ட் ரோட்டில் அது எல்லோரோடும் பகிர்ந்துகொண்ட சாலையில் ஓடியது. தனக்கென்று நிலம் இல்லாத வண்டியை ஒரே நாளில் நிறுத்திவிட முடிந்தது.

1835 முதல் இதே வண்டி ஓடுகிறது என்று உங்களுக்குச் சொன்னவர் சொல்லியிருந்தால், அதைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். தடம் அதே தடம். இழுத்தவை வேறு வேறு. முதலில் நீராவி எஞ்சின்கள். வீடுகள் பெருகியதும் புகையும் சத்தமும் தாங்காமல் மக்கள் முறையிட, நகர்ப்பகுதியில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இழுத்தன. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு இந்தக் கம்பெனியை நடத்த வந்தவர், அந்தப் போரின் முதல் குண்டுகளைச் சம்டர் கோட்டையின் மீது வீசச் செய்த தளபதி பியூரகார்ட். பொறியாளரான அவர் விலங்குகளுக்கு மாற்றுத் தேடி, கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் முறை ஒன்றுக்கு 1869இல் காப்புரிமை பெற்றார். அதே ஊரில் எமில் லாம் என்ற பல் மருத்துவர் அம்மோனியாவால் ஓடும் எஞ்சினையும், பிறகு நெருப்பே இல்லாத எஞ்சினையும் உருவாக்கினார். நிலையத்தில் கொதிக்கும் நீரை அழுத்தத்தோடு தொட்டியில் நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து எழும் ஆவியாலேயே ஓடும் எஞ்சின் அது. புகையும் இல்லை, தீப்பொறியும் இல்லை. பல் பிடுங்கும் ஒரு மனிதர் இரவெல்லாம் இதைப் பற்றியே யோசித்திருப்பார் என்று எண்ணும்போது எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு உண்டாகிறது. இந்த முயற்சிகளெல்லாம் போக, கடைசியில் 1893 பிப்ரவரியில் மின்சாரம் வந்தது. நம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். உங்கள் தந்தையார் இருந்திருந்தால், இரண்டு ஆண்டுதான் வித்தியாசம் என்று அவரிடம் சொல்ல விரும்பியிருப்பேன்.

நீங்கள் உட்கார்ந்த வண்டிகள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவின் ஹை பாயிண்டில் இருந்த பர்லி தாமஸ் பட்டறையில் செய்யப்பட்டவை. இன்று அந்தத் தடத்தில் 35 வண்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 900இல் தொடங்கும் எண். டிராம்களுக்குக் காலம் முடிந்ததும் அதே பட்டறை பள்ளிப் பேருந்து கட்டத் தொடங்கியது. உங்கள் பேரன் ஏறும் மஞ்சள் பேருந்தில் தாமஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளைபோர்ன் முனையில் நீங்கள் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதைக் கண்டிருப்பீர்கள். வண்டி திரும்புவதில்லை. அதற்கு இரு பக்கமும் முகம்தான். ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இடைவழியே நடந்து மறுமுனைக்குப் போகிறார். போகிற போக்கில் இருக்கைகளின் சாய்வுப் பலகையை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறார். பித்தளைப் பிடி கையில் அகப்பட, மரச் சாய்வு ஒரு சத்தத்தோடு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சாய்கிறது. பின்னால் பார்த்திருந்த இருக்கை முன்னால் பார்க்கிறது. நான் போன அன்று வண்டியில் இருந்த ஒரு மூதாட்டி, ஓட்டுநருக்குக் காத்திராமல், தன் பக்கத்து இருக்கைகள் நான்கைத் தானே தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அன்றாடம் அதில் போகிறவர் என்பது அந்தக் கைப்பழக்கத்திலேயே தெரிந்தது.

ஆனால் அந்தச் சாய்வுப் பலகைகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் அவற்றின் மேல்விளிம்பில் துளைகள் இருந்தன. 'கறுப்பினப் பயணிகளுக்கு மட்டும்' என்று எழுதிய பலகையை அந்தத் துளைகளில் செருகி வைப்பார்கள். வெள்ளையர் கூட்டம் கூடினால் பலகை பின்னால் நகரும்; அதற்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இது தொன்றுதொட்டு வந்த வழக்கமும் அன்று. அதற்கும் முன்பு, நட்சத்திரக் குறியிட்ட தனி வண்டிகளில் மட்டுமே கறுப்பின மக்கள் ஏறலாம் என்றிருந்த நிலையை எதிர்த்து அவர்கள் 1867இல் தெருவில் இறங்கிப் போராடி வென்றிருந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் எல்லோரும் ஒரே வண்டியில் போனபின், 1902இல் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். 1958இல் நீதிமன்ற ஆணைக்குப் பிறகே அந்தப் பலகைகள் அகற்றப்பட்டன. பழமையைப் போற்றுகிறோம் என்று சொல்லும்போது இந்தப் பழமையும் அந்த மர இருக்கையில்தான் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்தது போன்ற இருக்கையில், 1957இல், நம் நிறத்தவர் ஒருவர் எங்கே உட்கார வைக்கப்பட்டிருப்பார் என்பதை நான் அந்த வண்டியில் போன ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1951இல் டுலேன் அவென்யூவின் டிராம் நின்றது. அதுவரை அந்தத் தடமும் செயிண்ட் சார்லஸும் சேர்ந்து நகரத்தை வளையமாகச் சுற்றிவந்தன. வளையம் அறுந்ததால்தான் இன்றைய டிராம் கிளைபோர்னில் திடீரென்று முடிகிறது. 1964இல் கெனால் தெருத் தடமும் போன பிறகு எஞ்சியது இது ஒன்றே. கெனால் தெருவுக்கும் நடுத்திட்டு இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். கெனால் தெருவில் அந்தத் திட்டிலேயே பேருந்து ஓட்ட இடம் இருந்தது. செயிண்ட் சார்லஸில் மரங்களுக்கு அடியில் உள்ள புல்தரையில் பேருந்து விட முடியாது. விட்டால் கார்கள் போகும் சாலையில்தான் விட வேண்டும். டிராமை எடுப்பதால் யாருக்கும் இடம் மிச்சமாகாத தெரு அது. அங்கே வசித்தவர்கள் வசதியானவர்கள், அவர்கள் குரலுக்கு எடை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டிஸையர் தடத்தின் ஓரம் குடியிருந்த எளியவர்களுக்கு அந்த எடை இருக்கவில்லை. பழமை என்ற பெயரில் இந்தத் தடத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. 1973இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2014இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நிலம் அந்தத் தடத்தை இன்னொரு முறையும் காப்பாற்றியது. கெனால் தெருவில் டிராம் வேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் கழித்து நகரம் முடிவு செய்து, 2004 ஏப்ரலில் புதிய சிவப்பு டிராம்களை ஓடவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரீனா புயல். கரைகள் உடைந்து நகரத்தின் பெரும்பகுதி மூழ்கியபோது, தாழ்வான இடத்தில் இருந்த பணிமனையில் சிவப்பு வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. கரோல்டன் பணிமனையில் இருந்த பழைய பச்சை வண்டிகள் நனையவில்லை. அந்தப் பணிமனை ஆற்றங்கரை மேட்டுக்கு அருகில் இருந்தது. ஆனால் செயிண்ட் சார்லஸின் மின்கம்பிகளை விழுந்த மரங்கள் நாசமாக்கியிருந்தன. ஆகவே ஓடக்கூடிய வண்டிகளுக்குத் தடமில்லை, ஓடக்கூடிய தடத்துக்கு வண்டியில்லை என்ற நிலை. அந்த டிசம்பரில் பச்சை வண்டிகளைக் கெனால் தெருவில் ஓட்டினார்கள். எண்பது வயதைத் தாண்டிய அந்த வண்டிகள், தம் இனம் துரத்தப்பட்ட அதே தெருவுக்குத் திரும்பிவந்து, வீடிழந்த மக்களை ஏற்றிச் சென்றன. செயிண்ட் சார்லஸ் தடம் பகுதி பகுதியாகச் சரிசெய்யப்பட்டு, 2008 ஜூன் மாதத்தில்தான் கிளைபோர்ன் முனை வரை முழுதாக ஓடியது. ஆகவே 'இடைவிடாமல் ஓடும் தடம்' என்பதில் இந்த இடைவெளியையும் சேர்த்துப் படியுங்கள். தண்டவாளத்தில் பயணிகளை ஏற்றிய முதல் தடமும் இதுவன்று; இதற்கும் முன்பே, 1807இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸியில் குதிரை இழுக்கும் வண்டியில் பயணிகளை ஏற்றினார்கள். அந்தத் தடம் 1960இல் மூடப்பட்டுவிட்டது.

அடுத்த முறை மகளிடம் போகும்போது, திரும்பும் வழியில் வில்லோ தெரு நிறுத்தத்தில் இறங்குங்கள். அந்தப் பணிமனை அருகிலேயே இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். தெருவில் நின்றாலே போதும்; மாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கூரைக்கடியில் நுழைவதைப் பேரனுக்குக் காட்டலாம்.

அன்புடன்.