இயந்திரக் குதிரையில் பழகினால் சேணத்தில் அமர்வு திருந்துமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் நான், நாற்பது வயதுக்குப் பிறகு குதிரையேற்றம் கற்கத் தொடங்கி, வாரம் ஒருமுறை வகுப்புக்குச் சென்று வருகிறேன். குதிரை நடக்கும்வரை பயமில்லை. ட்ராட் என்னும் துள்ளோட்டம் தொடங்கியதும் சேணத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. என்னையறியாமல் கடிவாள வாரை இழுத்துவிடுகிறேன். குதிரையைப் போலவே அசையும் சிமுலேட்டர் என்ற இயந்திரக் குதிரையில் சில வகுப்புகள் எடுக்கும்படி என் பயிற்சியாளர் சொல்கிறார். உயிரில்லாத இயந்திரத்தில் ஏறி எதைக் கற்றுக்கொள்ள முடியும்?
- வாசகி, செஷயர்

பதில்: உங்கள் பயிற்சியாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் விவரித்திருக்கும் குறைக்குச் சிமுலேட்டரைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ட்ராட்டில் குதிரை எதிரெதிர் மூலைக் கால்களை ஜோடி ஜோடியாக ஊன்றுகிறது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவதால், அதன் முதுகு ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குகிறது. புதிதாகப் பழகுபவர் அந்த அசைவைக் கண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை இறுக்கி, இடுப்பை விறைப்பாக்கிக்கொள்கிறார். விறைத்த இடுப்பு அசைவை வாங்கிக்கொள்ளாததால் உடல் மேலே தூக்கி எறியப்படுகிறது. விழாமலிருக்க, கை தானாகவே கடிவாள வாரைப் பற்றி இழுக்கிறது. அந்த இழுப்பு குதிரையின் வாயில் வலியாக இறங்க, அது தலையை உயர்த்தி முதுகைக் குழித்துக்கொள்கிறது, குலுக்கல் முன்னிலும் கூடுகிறது. இவை அனைத்தும் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடுவதால், மைதானத்தின் நடுவில் நிற்கும் பயிற்சியாளரால் "கையைத் தளர்த்துங்கள்" என்று குரல் கொடுப்பதற்கு மேல் எதுவும் செய்ய இயலாது.

சிமுலேட்டரில் இந்தச் சங்கிலியை அறுக்கலாம். நீங்கள் இழுத்தாலும் அதற்கு வலிக்காது, அது முதுகைக் குழிக்காது, களைப்படையாமல் ஒரே சீரான ட்ராட்டை வேண்டிய நேரம்வரை தரும். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று, உங்கள் கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்து, எந்த அடியில் அது இறுகுகிறது என்று தொட்டே காட்டலாம். அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்திலிருந்து, பாதங்களை எடுத்துவிட்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உட்காரும்போது இருக்கையில் படும் இரண்டு எலும்புகளும் சேணத்தில் சமமாக அழுந்துவதை அப்போது உணர்வீர்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வருகின்றனவா என்பதைப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைத்துச் சரிபார்க்கலாம். உங்கள் மாவட்டமான செஷயரிலேயே இயங்கும் ரேஸ்வுட் நிறுவனம் தயாரிக்கும் வகைகளில் உணரிகளும் திரையும் உண்டு. எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திரை காட்டிவிடும். நேராக அமர்ந்திருப்பதாகவே உறுதியாக நம்பும் பலர், வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்திருப்பதை அங்கேதான் முதன்முதலாக அறிகிறார்கள்.

உயிரில்லாத குதிரையில் பழகுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமும் அன்று. ரோமானியப் படைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், குளிர்காலத்தில் கூரையின் கீழும் கோடையில் திறந்தவெளியிலும் மரக்குதிரைகளை நிறுத்தி, முதலில் ஆயுதமின்றியும் பிறகு ஆயுதங்களோடும் தாவி ஏறிப் பழகியதைப் பண்டைய ரோமானிய எழுத்தாளர் வெகேஷியஸ் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் இயந்திரம் கற்றுத்தராதவையும் உண்டு. புதரில் சலசலப்புக் கேட்டதும் குதிரை மிரண்டு பக்கவாட்டில் பாயுமே, அதற்கு முன் அதன் காதுகள் திரும்புவதைக் கவனிக்கவும், அன்றைய அதன் மனநிலையை அறியவும், சோம்பலாக நிற்பதை நயமாகக் கிளப்பவும் உயிருள்ள குதிரையிடம்தான் கற்க வேண்டும். சிமுலேட்டரில் ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டம் வரை எளிதாக அமர்ந்துவிட்டு, அதே துணிச்சலோடு அறிமுகமில்லாத குதிரையை விரட்டுவது ஆபத்து. பயிற்சியாளர் உடனில்லாமல் தனியே ஏறி அமர்வதிலும் எனக்கு நம்பிக்கையில்லை, தவறான அமர்வே அங்கு மேலும் ஊறிப்போகும்.

ஆகவே வழக்கமான வகுப்பைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் கைகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம், இடுப்பு தளரட்டும். உடல் அதை மறப்பதற்குள், அதே வாரத்தில், சாதுவான குதிரை ஒன்றில் அமர்ந்து, பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் அதை வட்டமாக ஓட்ட, கடிவாள வாரைத் தொடாமல் ட்ராட் செய்து பாருங்கள்.

கேள்வி: குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, இப்போது குணமாகிவிட்டது. மீண்டும் ஏறுவதற்கு முன் சிமுலேட்டர் உதவுமா?
- வாசகர், சென்னை

பதில்: உதவும், மருத்துவர் அனுமதித்த பிறகு. பந்தயக் குதிரையோட்டிகள் இதையே செய்கிறார்கள். இங்கிலாந்தின் லாம்போர்னில், காயமுற்ற ஜாக்கிகளுக்கான அறக்கட்டளை 2009இல் திறந்த ஓக்ஸி ஹவுஸ் மறுவாழ்வு மையத்தில், உடற்பயிற்சியோடு இயந்திரக் குதிரையிலும் பழகி உடலைத் தேற்றிக்கொண்டே பந்தயத்துக்குத் திரும்புகிறார்கள். அமெரிக்க ஜாக்கி பிராங்க் லொவாட்டோ உருவாக்கிய ஈக்விசைசர் என்னும் பயிற்சிக் குதிரையில் மோட்டார் கிடையாது. ஏறியவரின் அசைவாலேயே அது அசையும் என்பதால், வேகத்தை உங்கள் உடல்நிலைக்கேற்ப நீங்களே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எட்டும் தொலைவில் இயந்திரம் இல்லையென்றால், வயதான, பொறுமையான குதிரையில் நடையோடு மட்டும் தொடங்குங்கள். இரண்டில் எதில் ஏறினாலும் தலைக்கவசம் அணியுங்கள்.