ஃபாரின் கீக்கு நாமே பெயர் வைக்க வேண்டுமா?

கேள்வி: மைஎஸ்கியூஎல் மைக்ரேஷனில் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டில்) ஃபாரின் கீ சேர்க்கும்போது பெயர் கொடுப்பது அவசியமா? கொடுக்காவிட்டாலும் டேட்டாபேஸே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறதே!
- ஒரு வாசகி, கோவை

பதில்: அவசியம் கொடுங்கள். ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் இணைப்புதான் ஃபாரின் கீ, சுட்டப்படும் வரிசை அழியாமல் தடுப்பதும் அதுதான். சேர்க்கிற அன்று அதன் அருமை தெரியாது, நீக்கப் போகிற அன்றுதான் தெரியும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆர்டர்ஸ் டேபிளுக்கு இரண்டு ஃபாரின் கீ: ஒன்று கஸ்டமருக்கு, மற்றது முகவரிக்கு. இரண்டுக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை. மைஎஸ்கியூஎல் சேர்த்த வரிசைப்படி ஆர்டர்ஸ்_ஐபிஎஃப்கே_1, 2 என்று வைத்துக்கொண்டது. என் லேப்டாப்பில் 1 என்பது கஸ்டமர். லைவில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வரில்) யாரோ முகவரியை முதலில் கையாலேயே சேர்த்திருந்ததால், அங்கே 1 என்பது முகவரி. கஸ்டமர் டேபிளை வேறு சர்வருக்கு மாற்றுவதற்காக, 1-ஐ நீக்கும்படி மைக்ரேஷன் எழுதினேன். ஒரு எரரும் இல்லாமல் ஓடி முடிந்தது. மூன்றாம் நாள் பேக்கிங் பிரிவிலிருந்து போன்: சில ஆர்டர் சீட்டுகளில் முகவரியே இல்லை. லைவில் நீங்கியது முகவரியின் ஃபாரின் கீ. தடுக்க ஆளில்லாததால், ஆர்டர் நிலுவையில் இருக்கும்போதே பழைய முகவரிகள் அழிந்துபோயிருந்தன. பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம்.

அன்றிலிருந்து என் வழக்கம் எஃப்கே_ஆர்டர்ஸ்_கஸ்டமர்_ஐடி, அதாவது எஃப்கே (ஃபாரின் கீயின் சுருக்கம்), டேபிள், காலம் (நெடுவரிசை, column). டேபிள் பெயரை விட்டுவிடாதீர்கள், மைஎஸ்கியூஎல்லில் ஒரே டேட்டாபேஸுக்குள் இரண்டு ஃபாரின் கீக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. 64 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரெஸ் இதில் பரவாயில்லை, டேபிளையும் காலத்தையும் சேர்த்தே பெயர் வைக்கும். எஸ்கியூஎல் சர்வர் வாலில் ஏதோ ஒரு எண்ணை ஒட்டிவிடும், சர்வருக்குச் சர்வர் மாறும். அலெம்பிக் (பைத்தானின் மைக்ரேஷன் கருவி) பயன்படுத்துகிறவர்கள் மெட்டாடேட்டாவில் நேமிங் கன்வென்ஷனை ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

அப்புறம் ஒன்று. ஏற்கெனவே இருக்கும் டேபிளில் சேர்க்கிறீர்கள் என்றால், முதலில் லெஃப்ட் ஜாயின் போட்டு அநாதை வரிசைகளை (இல்லாத கஸ்டமரைச் சுட்டும் ஆர்டர் போன்றவற்றை) தேடுங்கள். ஒன்று இருந்தாலும் 1452 எரர் வந்து நிற்கும்.

பழையவற்றுக்கு நேரடியாகப் பெயர் மாற்ற வழியில்லை, நீக்கிவிட்டுப் புதுப் பெயரில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் லைவில் ஷோ கிரியேட் டேபிள் ஓட்டி, எந்த ஐபிஎஃப்கே எந்தக் காலத்துக்கு என்று உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பார்த்ததை நம்பி எழுத வேண்டாம்.